எக்ஸுக்கு மேல புள்ளி இருக்கோ? (வாசகர் கேள்வி, தந்திக்காரன் பதில்)

போன இதழில லூட் எண்ட பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதிப்போட்டு, இடம் மிஞ்சினதால கீழ ஒரு டேப்லேச்சர் துண்டையும் (எந்தத் தந்தியில எந்த இடத்தில விரல் வைக்கிறது எண்டு காட்டுற எழுத்து) படமாப் போட்டம். அதோட அந்தக் கதை முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன். பாத்தா, வந்த கேள்வியளில பாதிக்கு மேல ஒரே இடத்தில வந்து முட்டிக்கொண்டு நிக்குது. ஒன்பதாவது மெட்டு (கிற்றார்க்காரர் பிரெட் எண்டுவினம்) வரைக்கும் எல்லாருக்கும் விளங்குதாம், அதுக்கு அங்கால என்ன கிறுக்கியிருக்கு எண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லயாம். சரி, இந்த முறை வயலின் கம்பு, தபேலாத் தோல் எல்லாத்தையும் ஒரு பக்கம் வைச்சிட்டு இதையே கதைப்பம்.

கேள்வி: அண்ணை, நான் கிளிநொச்சி. ஆறேழு வருசமா கிற்றார் வாசிக்கிறன். நெட்டில இருந்து இத்தாலிய லூட் பக்கம் கொஞ்சம் எடுத்து ரவுனில போட்டோக்கொப்பி அடிச்சு வைச்சிருக்கிறன். 0, 2, 3, 5 எண்டு வாறது விளங்குது. ஆனா மேல ஏறேக்க எக்ஸ் (X) எண்டு வருது. கிற்றார் டாப்பில (இப்பத்தைய டேப்லேச்சர்) எக்ஸ் எண்டா தந்தியை அமத்தி சத்தமில்லாம அடிக்கிறது தானே, அப்பிடி அடிச்சா பாட்டே செத்துப்போகுது. சில எக்ஸுக்கு மேல ஒரு புள்ளி, சிலதுக்கு ரெண்டு, சிலதுக்கு ஒண்டுமில்ல. என்ன செய்ய?

தம்பி, முதல்ல அந்த கிற்றார் டாப் பழக்கத்தைக் கழட்டி வையும். இஞ்ச எக்ஸ் எண்டா ரோமன் இலக்கத்துப் பத்து. வெறும் எக்ஸ் 10ஆவது பிரெட், மேல ஒரு புள்ளி வைச்ச எக்ஸ் 11, ரெண்டு புள்ளி வைச்சது 12. இதை நான் என்ர பாட்டில சொல்லேல்ல, 1507ல வெனிஸில பெத்ருச்சி எண்ட அச்சுக்காரன் ஸ்பினாச்சினோ எண்ட லூட்காரரின்ர புத்தகங்களை அடிக்கேக்க முன்பக்கத்தில ஒரு விதி போட்டிருக்கிறார், அதிலயே உது இருக்கு. லூட்டுக்கு அச்சில வந்த முதல் டேப்லேச்சர் புத்தகம் அதுதான். அந்த விதியின்ர தலைப்பே 'பாடத் தெரியாதவைக்கான விதி' எண்டுதான், அதாவது சுரம் பாத்துப் படிக்கத் தெரியாட்டியும் பரவாயில்ல, விரலை எங்க வைக்கிறது எண்டு நாங்கள் சொல்லித்தாறம் எண்ட மாதிரி. (அதே அச்சுக்காரன் 1508ல அடிச்ச மூண்டாம் லூட் புத்தகத்தில ஒரு பிரதிகூட இப்ப உலகத்தில இல்ல. எங்கட ஆக்களுக்கு உந்தக் கவலை புதுசா சொல்லித்தரத் தேவையில்ல.)

அப்ப ஏன் 10 எண்டு நேர எழுதேல்ல? ஒரு கோடு எண்டா ஒரு தந்தி, கோட்டில ஒரு இலக்கம் எண்டா ஒரு அடி. 1ம் 0ம் பக்கத்துப் பக்கத்தில வந்தா வாசிக்கிறவன் முதல் பிரெட்டை ஒருக்கா அடிச்சிட்டு பிறகு திறந்த (விரல் வைக்காத) தந்தியை அடிப்பான். 11 எண்டு எழுதினா முதல் பிரெட்டை ரெண்டு தரம் அடிப்பான். அதால ஒரு இடத்துக்கு ஒரே ஒரு எழுத்துத்தான் எண்டு முடிவெடுத்திட்டினம்.

இப்ப உம்மட உண்மையான பிரச்சினைக்கு வாறன். உம்மட பிரச்சினை எக்ஸ் இல்ல, போட்டோக்கொப்பி. மெஷின்ல மை குறைஞ்சா புள்ளி காணாமப் போகும், கண்ணாடியில தூசி இருந்தா இல்லாத புள்ளி வந்து குந்தும். ஆனபடியா கொப்பியை நம்பாமல் ஸ்கேனையே ஃபோன்ல பெருப்பிச்சுப் பாரும். அதிலயும் தெளிவில்லாட்டித்தான் கீழ சொல்லுறது.

லூட்டின்ர முதல் சோடி (தந்தியளை ரெண்டு ரெண்டாக் கட்டுறதால சோடி எண்டுறது, முதலாவது ஆக மெல்லிசு) ஜி சுரம் எண்டு வைச்சுக்கொள்ளும், அதை ச எண்டு எடுப்பம், எங்களுக்கு அது சுகம். 5ஆவது மெட்டு ம, 7 ப, 8 சுத்த தைவதம். 10 கைசிகி நிஷாதம், 11 காகலி நிஷாதம், 12 மேல் ச. ஆக, புள்ளி துலைஞ்ச எக்ஸ் ஒண்டைப் பாத்து முழிக்கேக்க நீர் கேக்கிற கேள்வி உண்மையில இது கைசிகியோ காகலியோ இல்லாட்டி மேல் சட்ஜமோ எண்டதுதான். அப்பிடிக் கேட்டா பாதி விடை தானா வந்திடும்.

ஒரு உதாரணம் நானே எழுதுறன். முதல் சோடியில 5, 7, 8, எக்ஸ், 8, 7 எண்டு ஓடுது எண்டு வைப்பம். ம ப த நி த ப. சும்மா ஏறி இறங்கிற இடம், அதில 11 வைச்சா தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவில பெரிய பள்ளம் விழும், 12 வைச்சா நிஷாதத்தையே தாண்டிப் பாயும். அங்க வெறும் பத்துத்தான். இப்ப பாட்டு முடியிற இடத்துக்கு வாரும். எக்ஸ், எக்ஸ், எக்ஸ் எண்டு மூண்டு வருது, முதல் ரெண்டுக்கும் நேர ரெண்டாம் சோடி 0, மூண்டாவதுக்கு நேர ஆறாம் சோடி 0. கொப்பியில ஒரு புள்ளியும் இல்ல. மூண்டும் 10 எண்டு அடிச்சா நி நி நி, முடிவே இல்லாம அந்தரத்தில தொங்கும். ரெண்டாம் சோடி திறந்தா கீழ்ப் பஞ்சமம், ஆறாம் சோடி திறந்தா அடி ச. ஐரோப்பிய ஆக்கள் அந்தக் காலத்தில பஞ்சமத்தில இருந்து சட்ஜமத்துக்கு வந்து முடிக்கேக்க மேல் குரலை ச எண்டு பிடிச்சு வைச்சு, பஞ்சமத்தோட அது உரச, பிறகு காகலி நிஷாதத்துக்கு இறக்கி, திரும்ப ச எண்டு நிப்பாட்டுவினம். நூத்துக்கணக்கான பாட்டில இந்த முடிவுதான். அப்ப அது 12, 11, 12. ரெண்டு புள்ளி, ஒரு புள்ளி, ரெண்டு புள்ளி. இதை எழுதிப்போட்டு ஸ்கேனைப் பெருப்பிச்சுப் பாத்தா புள்ளியின்ர சாடையாவது அங்க தெரியும்.

இன்னொரு கட்டைப் பஞ்சாயத்தும் இருக்கு, அது கை. 60 சென்ரிமீற்றர் தந்தி எண்டா 1ஆவது பிரெட்டில இருந்து 4ஆவதுக்கு 9 சென்ரிமீற்றர், 9ல இருந்து 12க்கு ஆறுகூட இல்ல. மேல போகப் போக விரலுக்கு விரல் நெருக்கம், அதால மேல இருக்கிற கை நாலு பிரெட்டை லேசாப் பிடிக்கும். ஆனா என்ன பிடிச்சாலும் 11ல ஒரு விரல் இருக்கேக்க 2ல இன்னொரு விரல் போகாது, பேய்க்கும் ஏலாது. ஆனபடியா எக்ஸுக்கு நேர மற்றச் சோடியில 2, 3 எண்டு இலக்கம் நிண்டா, ஒண்டில் நீர் கோடு மாறி வாசிக்கிறீர், இல்லாட்டி அது எக்ஸே இல்ல, ஏதோ கிறுக்கல். எக்ஸோட கூட நிக்கிறது 0 ஆ இருக்கும், இல்லாட்டி 7, 8, 9 மாதிரி பக்கத்து வீட்டுக்காரனா இருக்கும்.

கோடு மாறி வாசிக்கிறது எண்டன் தானே, இத்தாலிய முறையில மேல் கோடுதான் தடிச்ச ஆறாம் சோடி, கீழ்க் கோடு மெல்லிய முதல் சோடி. வாத்தியத்தை மடியில வைச்சுக் குனிஞ்சு பாரும், முகட்டுப் பக்கம் இருக்கிறது தடிச்ச தந்திதானே, அதைத்தான் அப்பிடியே தாளில கீறியிருக்கினம். இப்பத்தைய கிற்றார் டாப் இதுக்கு நேர் எதிர்.

கேள்வி: வவுனியாவில வீணை படிப்பிக்கிறன். எங்கட சுரலிபியில சுரத்துக்கு மேல புள்ளி வைச்சா தாரஸ்தாயி, கீழ வைச்சா மந்திரஸ்தாயி. என்னட்ட கிற்றார் தெரிஞ்ச மாணவி ஒருத்தி இந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டினவா. நான் புள்ளி வைச்ச எக்ஸை அடுத்த ஸ்தாயிப் பத்து எண்டு சொல்லிப்போட்டன். சரியோ?

பிழை ரீச்சர், ஆனா நல்ல பிழை, யோசிச்சு விட்ட பிழை. பத்தாவது மெட்டுக்கு ஒரு ஸ்தாயி மேல எண்டா 22ஆவது மெட்டு, அது உங்கட வீணையில இருக்கு, ஏனெண்டா வீணைக்கு 24 மெட்டு. லூட்டில அவ்வளவு தூரம் மெட்டே இல்ல.

உங்களுக்கு வேற ஒரு வசதி இருக்கு, கிற்றார்க்காரருக்கு இல்லாதது. சாரணித் தந்தியை ச எண்டு வைச்சா 10, 11, 12ஆவது மெட்டு என்ன சுரம் எண்டு நீங்கள் நித்திரையில கேட்டாலும் சொல்லுவியள். லூட்டிலயும் அதே கணக்குத்தான், மெட்டுக்கு ஒரு அரைச்சுரம். நான் மேல அந்தத் தம்பிக்கு கைசிகி, காகலி எண்டு விளங்கப்படுத்தினதை உங்கட மாணவிக்கு வீணையிலயே தொட்டுக் காட்டிவிடுங்கோ, அஞ்சு நிமிச வேலை.

கீழ் புள்ளி கதை வேற. இத்தாலிய டேப்லேச்சரில இலக்கத்துக்குக் கீழ புள்ளி வந்தா அது இடக்கைக்கு இல்ல, வலக்கைக்கு. சுட்டுவிரலால மேல் நோக்கி மீட்டு எண்டு அர்த்தம். புள்ளி இல்லாதது பெருவிரலால கீழ் நோக்கி. ஓடுற இடத்தில இது ஒண்டுவிட்டு ஒண்டு வரும், பெருவிரல் சுட்டுவிரல் பெருவிரல் சுட்டுவிரல் எண்டு. இதிலதான் ஒரு சில்லெடுப்பு: ரெண்டு கோட்டுக்கு நடுவில ஒரு புள்ளி நிண்டா அது மேல் கோட்டு இலக்கத்தின்ர கீழ்ப் புள்ளியோ, கீழ்க் கோட்டு எக்ஸின்ர மேல்ப் புள்ளியோ? நேர் மேல கீழ ஆக இருக்கிற இலக்கத்தைப் பாருங்கோ. மேல் கோட்டில அந்த இடத்தில இலக்கமே இல்லாட்டி புள்ளி எக்ஸுக்குச் சொந்தம். எக்ஸ் இல்லாத இலக்கத்துக்கு மேல் புள்ளி தேவையே இல்ல, 7க்கு மேல புள்ளி நிண்டா ஒண்டில் அது மேல்வீட்டு இலக்கத்தின்ர விரல் புள்ளி, இல்லாட்டி தூசி. ஒரு எக்ஸுக்கு மேலயும் கீழயும் புள்ளி வந்தா? அப்ப 11ஆவது மெட்டு, சுட்டுவிரல். ரெண்டும் சண்டை பிடிக்காது.

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறன், வயசு எழுபத்தஞ்சு தாண்டிட்டுது. உங்கட படத்தைப் பாத்திட்டு பேரன் கேட்டான், உவங்கள் ஏன் இலக்கத்தையும் எழுத்தையும் கலந்து எழுதுறாங்கள் எண்டு. எனக்கு எங்கட பழைய ஏடுதான் ஞாபகம் வந்தது.

ஐயா, நீங்கள் சொன்னதை வைச்சு நான் ரெண்டு நாள் சந்தோசமாத் திரிஞ்சன். பழைய பஞ்சாங்கத்திலயும் காணி உறுதியிலயும் எங்கட ஆக்கள் ஒண்டுக்கு ககரம் மாதிரி ௧, ரெண்டுக்கு உகரம் மாதிரி ௨ எண்டு எழுதினவை. பத்துக்கு ஒண்டும் சைபரும் போடேல்ல, ௰ எண்டு தனி எழுத்து. பதினொண்டு ௰௧. வெனிஸ்காரன் செய்ததும் அதேதான், பத்துக்கு ஒரு தனிக் குறி, அதுக்கு மேல ஒண்டு கூட்ட வேணும் எண்டா பக்கத்தில இடம் இல்ல எண்டபடியா தலையில ஒரு பொட்டு வைச்சான். பேரனிட்ட ௰க்கு மேல ஒரு பொட்டு, ரெண்டு பொட்டு எண்டு எழுதிக் காட்டுங்கோ, அவன் பிறகு மறக்கமாட்டான். நானே இப்ப என்ர பிள்ளையளுக்கு அப்பிடித்தான் சொல்லிக் குடுக்கிறன், உங்களிட்டக் களவெடுத்தது.

கேள்வி: முருங்கன் பக்கம் கோவில் பாடகர் குழுவில கிற்றார் வாசிக்கிறன். என்னட்ட இருக்கிறது இலக்கம் இல்ல, ஆங்கில எழுத்து, டவுலண்ட் எண்டவரின்ர பாட்டு. ஏ எண்டா திறந்த தந்தி, பி முதல் பிரெட் எண்டு எண்ணி எண்ணி வாசிக்கிறன். கீழ வாசிக்கேக்க தேவ கானம் மாதிரி இருக்கு, மேல போனா எல்லாம் ஒரு படி ஏறி, கேக்க ஏலாமக் கிடக்கு. கிற்றார் பிழையோ?

கிற்றார் பாவம், அதில பிழை இல்ல. நீங்கள் ஐக்குப் பிறகு ஜேயை எண்ணியிருக்கிறியள். அந்தக் காலத்தில ஐயும் ஜேயும் ஒரே எழுத்து, ஒண்டின்ர ரெண்டு முகம், அதால டேப்லேச்சரில ஐக்கு அடுத்தது நேர கே. எச் 7, ஐ 8, கே 9, எல் 10, எம் 11, என் 12. நீங்கள் கே வந்தா 10 பிடிக்கிறியள், எல் வந்தா 11 பிடிக்கிறியள், அதுதான் ஐ வரைக்கும் தேவ கானம், அதுக்கு மேல எல்லாம் அரைச்சுரம் கூட. எனக்கு இப்பிடிக் கேள்வி வாறது பிடிக்கும், என்ன பிழை எண்டு வாத்தியத்தைக் காணாமலே சொல்லிவிடலாம்.

இது பிரெஞ்சு முறை. இங்கிலாந்துக்காரரும் இதைத்தான் எடுத்தவை, டவுலண்டின்ர முதல் பாட்டுப் புத்தகம் 1597ல வந்ததும் இதிலதான். இதில மேல் கோடுதான் மெல்லிய தந்தி, இந்தக் காலக் கிற்றார் டாப் மாதிரி, அந்தளவில உங்களுக்குச் சுகம். ஆனா கையெழுத்துப் பிரதி எண்டா கவனம். சி யை ஆர் மாதிரி எழுதுவினம், ஈயோட குழம்பாமல் இருக்க. அது எல்லாரும் கெதியாப் பழகிடுவினம். மேல் பிரெட் எழுத்துத்தான் அடிக்கடி வராது, அதால கண் பழகாது. எச்சும் கேயும் ஒரே நீட்டுக் கால், எல்லும் நீட்டி எழுதின ஐயும் ஒரே கோடு, எம்முக்கும் என்னுக்கும் ஒரு வளைவுதான் வித்தியாசம், அவசரமா எழுதினவன் அந்த வளைவை விழுங்கிப்போட்டுப் போயிடுவான். அப்ப என்ன செய்யிறது? அதே ஆள் அதே பக்கத்தில வேற இடத்தில எழுதின எச் எங்க இருக்கு எண்டு தேடிப் பிடிச்சு, அதின்ர காலையும் வயித்தையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. ஒரு ஆளின்ர கை பக்கத்துக்குப் பக்கம் மாறாது. அதிலயும் பிடிபடாட்டி பாட்டுப் போற போக்கைப் பாருங்கோ, எஃப், எச், ஐ, ஏதோ ஒண்டு, என் எண்டு ஏறினா நடுவில நிக்கிறது எல் ஆகத்தான் இருக்க வாய்ப்புக் கூட, ம ப த நி ச.

மற்றது, கீழ ஆறாம் கோட்டுக்கும் கீழ தனிய ஒரு ஏ, சாய்கோடு போட்ட ஏ எல்லாம் வரும், அது பிரெட் இல்ல, கூடுதலாக் கட்டின அடித் தந்தியளைத் திறந்து அடிக்கிறது. சாய்கோடு இல்லாத ஏ ஏழாம் சோடி, ஒரு கோடு எட்டு, ரெண்டு கோடு ஒன்பது, மூண்டு கோடு பத்து. பிந்தின காலத்துத் தாளில அதுக்கும் கீழ 4 எண்டு ஒரு இலக்கம் வந்தா பயப்பிடாதேங்கோ, அது நாலாவது பிரெட்டும் இல்ல நாலாம் விரலும் இல்ல, பதினோராம் சோடி. மூண்டு கோட்டுக்குப் பிறகு கோடு கீறக் களைச்சுப்போய் இலக்கத்துக்கு மாறிட்டினம், அவ்வளவுதான்.

இதில நானே விழுந்த குழி ஒண்டு இருக்கு, வெக்கத்தை விட்டுச் சொல்லுறன். 17ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பக்கம் ஒண்டு. மேல் கோட்டுக்கும் மேல, தாளக் குறிக்குப் பக்கத்தில, ஒரு எக்ஸ். நான் அதை ஆறாம் சோடியில 10ஆவது பிரெட் எண்டு எடுத்து ரெண்டு கிழமை கை நோகப் பழகி, ஒரு கலியாண வீட்டில வாசிச்சும் போட்டன். அது பத்தாம் சோடியைத் திறந்து அடி எண்ட குறி. அந்த வகை லூட்டில பத்தாம் சோடி வழமையா அடி மத்திமம், நான் வாசிச்சது கைசிகி நிஷாதம். மாப்பிள்ளை வீட்டார் வந்து கை தந்திட்டுப் போச்சினம். கோட்டில குத்தி நிக்கிற எக்ஸ் பிரெட், கோட்டுக்கு வெளிய மிதக்கிற எக்ஸ் சோடி. பக்கத்தில 7, 8, 9 எண்டும் அதே மாதிரி மிதந்துகொண்டிருந்தா சந்தேகமே இல்ல. புத்தகம் எந்த ஆண்டு எண்டு பாக்கிறதும் உதவும், 1507ல லூட்டுக்கு ஆறு சோடிதான், அங்க பத்தாம் சோடிக்கு இடமே இல்ல.

கேள்வி: மல்லாவி. ஜேர்மன் முறை எண்டு ஒண்டு இருக்காமே, அதிலயும் என் எண்டா 12ஆ? (உயர்தர மாணவி)

இல்லத் தங்கச்சி, அதில என் எண்டா மூண்டாம் சோடி மூண்டாம் பிரெட். ஜேர்மன்காரருக்குக் கோடே இல்ல, அஞ்சு சோடி லூட்டின்ர ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பேர் வைச்சினம். திறந்த சோடிக்கு 1ல இருந்து 5, முதல் பிரெட்டில தடிச்ச சோடியில இருந்து ஏ பி சி டி ஈ, ரெண்டாம் பிரெட்டில எஃப்ல இருந்து கே, இப்பிடி அஞ்சாம் பிரெட் வர எழுத்து முடிஞ்சு போச்சு. அவையின்ர எழுத்து அப்ப 23தான், 25 இடத்துக்கு ரெண்டு குறைய, லத்தீன் சுருக்கெழுத்து ரெண்டை இழுத்துப் போட்டினம். ஆறாம் பிரெட்டில இருந்து திரும்ப ஏயில தொடங்கி தலையில கோடு போடுவினம், இல்லாட்டி ரெட்டிச்சு எழுதுவினம். அதால அங்க மேல் பிரெட் எண்டா தலையில கோடு இருக்கோ எண்டு மட்டும் பாரும், கோட்டோட ஈ எண்டா முதல் சோடி 6ஆவது, கோட்டோட கே எண்டா 7ஆவது, கோட்டோட பி (ரெண்டாவது எழுத்து இல்ல, ஓவுக்குப் பிறகு வாறது) 8ஆவது. ஆறாம் சோடி பிறகு வந்து சேர்ந்தபடியா அதுக்கு ஆளுக்கு ஒரு முறை, அதைக் கேக்காதையும், எனக்கும் தலையிடி. இந்த முறையைக் கண்டுபிடிச்சது பவுமன் எண்ட கண் தெரியாத இசைஞர் எண்டு 1511லயே ஒரு புத்தகத்தில எழுதியிருக்கு. கண் தெரியாத ஆளுக்குக் கோடு எதுக்கு, வாயால சொல்ல ஒரு பேர் இருந்தாப் போதும் எண்டு நினைச்சா எனக்கு அது சரியாத்தான் படுது.

கேள்வி: என்னட்ட ஸ்பெயின் பக்கம் ஒண்டு, 1536, லூயிஸ் மிலான். இத்தாலிய முறை எண்டு நினைச்சு வாசிச்சா தலைகீழாக் கேக்குது. (முள்ளியவளை)

தலைகீழாத்தான் கேக்கும். மிலான் மட்டும் இலக்கத்தை எழுதிப்போட்டு மெல்லிய தந்தியை மேல் கோட்டில வைச்சவர், அவருக்குப் பிறகு வந்த ஸ்பெயின்காரர் இத்தாலிக்காரர் மாதிரித்தான் எழுதினவை. தாளைத் திருப்பாதேங்கோ, கோட்டைத் திருப்பி எண்ணுங்கோ.

கேள்வி: புதுக்குடியிருப்பு. லூட் பாட்டை கிற்றார்ல வாசிக்க மூண்டாம் தந்தியை அரைச்சுரம் இறக்கி 3ஆவது பிரெட்டில கேப்போ (தந்தி எல்லாத்தையும் ஒண்டா அமத்துற கிடுக்கி) போடச் சொல்லி எல்லாரும் சொல்லுகினம். போட்டா 12ஆவது பிரெட் எட்டவே மாட்டன் எண்டுது.

எட்டாது தான். கேப்போ 3ல எண்டா லூட்டின்ர 12 உங்கட கிற்றார்ல 15, கிளாசிக்கல் கிற்றார்ல கழுத்து 12லயே உடம்போட சேருது, மிச்சம் மூண்டும் பெட்டிக்கு மேல. கேப்போவைக் கழட்டுங்கோ. மூண்டாம் தந்தி இறக்கினது இறக்கினபடி இருக்கட்டும், அதுதான் முக்கியம், கேப்போ சும்மா சுருதியை ஏத்த மட்டும்தான். தனிய வாசிக்கிற ஆளுக்குச் சுருதி ஆர் கேக்கப்போகினம். பாடுற ஆளோட எண்டா 1ல போட்டுப் பாருங்கோ, எல் வரைக்கும் லேசா வரும், எம், என் கொஞ்சம் முக்கும். சிலபேர் 12 வாற இடத்தை ஒரு ஸ்தாயி கீழ இறக்கி வாசிக்கினம், எனக்கு அது பிடிக்காது, ஏறிப்போய் நிண்ட பாட்டை ஏணியில இருந்து தள்ளி விட்ட மாதிரி. அதுக்கு கேப்போ இல்லாமல் வாசிக்கலாம்.

கேள்வி: நெடுங்கேணியில தச்சு வேலை. ஒரு பெடியனுக்கு லூட் மாதிரி ஒண்டு செய்து குடுக்கிறன், படம் பாத்து. கழுத்தில நரம்பு சுத்திக் கட்டின மெட்டு எட்டுத்தான் இருக்கு. நீங்கள் 12 வரை கதைக்கிறியள். மிச்சம் எங்க?

இதுதான் இந்த முறை வந்ததில எனக்கு விருப்பமான கேள்வி. லூட்டின்ர மெட்டு வீணை மாதிரி மெழுகில ஊண்டினது இல்ல, ஆட்டுக் குடல் நரம்பைக் கழுத்தைச் சுத்தி முடிச்சுப் போட்டது. தேவை எண்டா நகர்த்தலாம், வீணைக்காரருக்குப் பங்குனி வெயில்ல மெழுகு இளகினா வாற கவலை லூட்காரருக்கு இல்ல. ஆனா கழுத்து முடிஞ்சு பெட்டி தொடங்கினா நரம்பைச் சுத்த இடம் இல்ல. அதால 9ல இருந்து 12 வரை மெல்லிய மரத் துண்டுகளை மேல் பலகையில ஒட்டுவினம். டவுலண்ட் 1610ல மகன் ரொபேர்ட் வெளியிட்ட புத்தகத்தில எழுதினதில, முதல் லூட்டுக்கு மெட்டுக் குறைவா இருந்தது, பிறகு மேசன் எண்ட அரண்மனை லூட்காரர் பலகையில மரத் துண்டு மூண்டு ஒட்டினவர், அதுக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் கழுத்தை நீட்டினவை எண்டு ஒரு கதை வருது. துண்டு ஒட்டாத லூட்டில வெறும் பலகையில விரலை அமத்தியும் சுரம் எடுக்கலாம், ஆனா கொஞ்சம் மழுங்கலாத்தான் வரும்.

அளவு கேட்டிருந்தியள். தந்தி நீளம் 60 சென்ரிமீற்றர் எண்டு எழுதியிருக்கிறியள், அப்ப தலைப்பக்கத்து நட்டில இருந்து அளந்து 8ஆவது மெட்டு 22.2ல வர வேணும், அது நரம்பு. பிறகு 9க்கு 24.3, 10க்கு 26.3, 11க்கு 28.2, 12க்குச் சரியா 30. துண்டு முதிரையில செய்யலாம், கெட்டி, ஆனா மெல்லிசா இழைக்க வேணும், கழுத்து நரம்பை விட உயரமா நிண்டா தந்தி அதில தட்டி இரையும். எடுத்த உடன பசை போடாதேங்கோ. பென்சிலால கீறிப்போட்டு, 12ல விரலை அமத்தாமல் தந்தியை மெல்லத் தொட்டுக்கொண்டு மீட்டுங்கோ, மணி மாதிரி ஒரு சத்தம் வரும். பிறகு மரத் துண்டைச் சும்மா வைச்சு அதில அமத்தி மீட்டுங்கோ. ரெண்டும் ஒரே சுரம் எண்டா ஒட்டலாம். அமத்தினது கூடக் கேட்டா துண்டைக் கொஞ்சம் நட்டுப் பக்கம் தள்ளிப்போட்டுத் திரும்பக் கேளுங்கோ.